அடிச்சுரத்தை விடுங்க அங்கிள்

பெங்களூரு
14.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அஸ்வினி எழுதுவது. நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? முழங்கால் வலிக்கு வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

அப்பாவுக்குக் கடிதம் என்று நான் கடைசியாக எழுதியது எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். இப்போது மறுபடி எழுத வைத்துவிட்டீர்கள். சித்திரையில் வீட்டுக்கு வந்தபோது ராம்கியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று சொன்னேன். "நம்ம ஆளுகளும் இல்ல, வேலையும் இல்ல. ஓட்டல்ல நின்னுக்கிட்டு வாத்தியம் வாசிக்கிறவனுக்கா எம்புள்ளையக் குடுப்பேன்?" என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பூஜை அறையில் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அவன் பேச்ச நீ விடுற வரைக்கும் ஒங்கூட ஒரு வார்த்த பேச மாட்டேன், அய்யனார் மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து நான் போன் செய்தால் அம்மா எடுக்கிறாள். பின்னால் நீங்கள் "சாப்ட்டாளான்னு கேளு", "காய்ச்சல் விட்டுச்சான்னு கேளு" என்று சொல்வது எனக்கு நன்றாகவே கேட்கிறது. நேற்று அம்மா ஒரு செய்தி சொன்னாள். "பேச மாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன், எழுத மாட்டேன்னா பண்ணேன்?" என்று கேட்டீர்களாம். ஆகவே எழுதுகிறேன்.

ராம்கி வீட்டில் தை மாதம் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். அப்பா என்னோடு பேசாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவரையும் விட மாட்டேன். இரண்டில் எதை விடச் சொன்னாலும் என்னால் முடியாது அப்பா. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
அஸ்வினி


கோச்சடை, மதுரை
28.7.2024

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு அய்யனார் துணை. தைலம் பாதி தீர்ந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் உன் அம்மாவைக் கேள்.

நீ எழுதியதைப் படித்தேன். அந்த விஷயத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

வேறு செய்தி உண்டு. நீ பள்ளிக்கூடத்தில் வாசித்த கீபோர்டு பீரோ மேல் தூசி அடைந்து கிடந்தது. துடைத்து, ஒயரை மாற்றினேன். வேலை செய்கிறது. பம்ப்செட் கடையை இப்போது பங்காளி முத்திருளன்தான் பார்க்கிறான். எனக்குப் பொழுது போகவில்லை. காளவாசல் பக்கம் ஒரு மாடியில் தமிழ்வாணி என்ற பெண் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். உன்னைவிடச் சின்னவள். போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

"என்ன கத்துக்கணும் அங்கிள்? சினிமாப் பாட்டா, கிளாசிக்கலா?" என்று கேட்டாள். ஜாஸ் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பார்த்ததில் தப்பில்லை. வேட்டியில் மோட்டார் கிரீஸ் இருந்தது.

ஏன் ஜாஸ் என்று நீயும் கேட்காதே. பொழுது போகத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே மழை என்று டி.வி.யில் சொன்னான். குடை எடுத்துப் போ.

இப்படிக்கு,
அப்பா அழகுபாண்டி


பெங்களூரு
8.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலம்தானே? குடை எடுத்துப் போகிறேன். ஒன்றைத் தொலைத்துவிட்டு இன்னொன்றும் வாங்கிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கேண்டீனில் படித்தேன். டீ மூக்கில் ஏறிவிட்டது. அப்பா, கல்யாண வீட்டில் பேண்டு செட் வந்தாலே காதைப் பொத்துகிறவர் நீங்கள். அம்மா சாமி பாட்டு போட்டால் "சத்தத்தக் கொறை, லோடு இழுக்குது" என்கிறவர். நீங்கள் ஜாஸ் பியானோவா?

ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்களே. என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். விரல் வலித்தால் வெந்நீரில் வையுங்கள்.

அன்புடன்,
அஸ்வினி


கோச்சடை
1.9.2024

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அப்பா. எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்குச் சளி, இப்போது தேவலை. நீ போட்டோவில் இளைத்துத் தெரிகிறாய் என்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கற்றுக்கொண்டதை எழுதச் சொன்னாய். இந்த ஜாஸில் எதையும் நேராக வாசிக்கக் கூடாதாம். ஒரு சுரத்தை நீட்டி, அடுத்ததைக் குட்டையாக வெட்ட வேண்டும். அதற்கு ஸ்விங் என்று பேர். தமிழ்வாணி வாசித்துக் காட்டினாள். "இது பேரிங் போன மோட்டார் சத்தம்மா. இப்படி ஓடுனா நாங்க கழட்டி மாட்டிக் குடுப்போம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்த நொண்டல் என் விரலுக்கு இன்னும் வரவில்லை. நாற்பது வருஷம் எல்லாவற்றையும் நேராக ஓட விட்டே பழகிய கை.

அடுத்தது கார்ட். நாலு கட்டைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அமுக்குவது. அதில் ஆகக் கீழே இருப்பது அடிச்சுரம். கார்டுக்குப் பேரே அதை வைத்துத்தான். நான் அதை நன்றாக ஊன்றி அமுக்குகிறேன். அவளோ "அடிச்சுரத்தை விடுங்க அங்கிள்" என்கிறாள். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு எப்படி வீடு கட்டுவது? கேட்டால், "அதை பேஸ் வாசிக்கிறவங்க பாத்துப்பாங்க. நின்னுக்கிட்டு வாசிப்பாங்களே, பெரிய தந்தி வாத்தியம், அவங்க. நீங்களும் அதையே அமுக்குனா ரெண்டு பேரும் முட்டிக்குவீங்க" என்றாள். "பேஸ்காரன் வரலேன்னா?" என்றேன். "வருவார்னு நம்பித்தான் வாசிக்கணும்" என்கிறாள். இது என்ன கூத்து?

இதில் எனக்கு ஒரு சந்தேகம். பேஸ் வாசிக்கிறவர்கள் தாளத்தின் முதல் தட்டில் கண்டிப்பாக அடிச்சுரம் வாசிப்பார்களா, இல்லை மனம்போல வாசிப்பார்களா? உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுது. அவசரம் இல்லை.

அடுத்த வாரத்துக்குள் எழுது.

அப்பா


பெங்களூரு
12.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் சளி முழுக்கப் போய்விட்டதா? நான் இளைக்கவில்லை, அந்தப் போட்டோவில் வெளிச்சம் அப்படி.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். கேள்வியைக் கேட்டதும் தட்டில் இருந்த சாப்பாட்டை மறந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதல் தட்டில் பெரும்பாலும் அடிச்சுரம்தான் வாசிப்போம். எப்போதும் இல்லை. ஆனால் பியானோ வாசிக்கிறவர் புதியவர் என்றால் கட்டாயம் அதைத்தான் வாசிப்போம். அவர் தொலைந்து போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஐயாவை இடது கையில் இரண்டே சுரம் பிடிக்கச் சொல்லுங்கள், அடிச்சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவதும் ஏழாவதும். போதும். மிச்சத்தை நாங்கள் சுமப்போம்."

'ஐயா' என்பது அவர் போட்ட சொல். இது ஒரு நல்ல கேள்வி, ஆரம்பத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார். நான் மிகைப்படுத்தவில்லை.

அன்புடன்,
அஸ்வினி


கோச்சடை
13.10.2024

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. சுகம். மானம்தான் கொஞ்சம் போய்விட்டது.

நேற்று புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. பெருமாள் கோவிலில் பஜனை. வழக்கம்போல ஜால்ராவை என் கையில் கொடுத்தார்கள். தமிழ்வாணி ஒரு மாதமாக என்னைக் கைதட்ட வைத்துக்கொண்டிருக்கிறாள். தாளத்தின் நாலு தட்டில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டக் கூடாது, இரண்டிலும் நான்கிலும்தான் தட்ட வேண்டும், அதுதான் ஜாஸ் என்று. சாப்பிடும்போதும் தட்டி, பஸ்ஸில் போகும்போதும் தட்டி, கை அதிலேயே ஊறிவிட்டது.

பஜனையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கை தன்பாட்டுக்கு இரண்டிலும் நான்கிலும் போட ஆரம்பித்துவிட்டது. முதலில் மிருதங்கம் தடுமாறியது. அப்புறம் பாடுகிறவர்கள் பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் பழைய பக்கம். கோவிந்த நாமம் இரண்டாகப் பிரிந்து ஓடியது. கண்ணைத் திறந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். "அண்ணே, ஒடம்புக்கு எதுவும் செய்யுதா?" என்று முத்திருளன் தண்ணீர் கொண்டு வந்தான். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். இனி ஜால்ரா எனக்கு இல்லை என்று முடிவாகிவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்து வாசித்தபோது அந்த நொண்டல் வந்துவிட்டது அஸ்வினி. பெருமாள் கொடுத்தது என்று வைத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரிந்தவரிடம் சொல். இரண்டு சுரம் பிடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே யாரும் இல்லாமல் வெறுமையாகக் கேட்கிறது. பிடிமானம் இல்லாமல் நானே அடிச்சுரத்துக்குக் கையைக் கொண்டு போய்விடுகிறேன்.

தீபாவளிக்கு வருகிறாயா? உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா


பெங்களூரு
24.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மானம் திரும்ப வந்துவிட்டதா? பஜனைக் கதையை எனக்குத் தெரிந்தவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "பாதிப் பேரைத் தன் பக்கம் இழுத்தாரா? பெரிய ஆள்தான்" என்றார்.

தீபாவளிக்கு வரவில்லை அப்பா. ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு "அவளுக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு" என்று அம்மாவிடம் நீங்கள் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. போனில் கேட்டால் சிரிப்பு வருகிறது. நேரில் கேட்டால் அழுதுவிடுவேன்.

இதோடு ஒரு பென்டிரைவ் வருகிறது. டி.வி. ஸ்பீக்கரில் சொருகினால் போதும். அதில் பேஸ் மட்டும் இருக்கிறது, பியானோ இல்லை. நீங்கள் வாசிக்கிற அதே பாடத்தை, உங்கள் வேகத்துக்கு, நிதானமாக வாசித்து அனுப்பியிருக்கிறார். கீழே வெறுமையாக இருக்கிறது என்றீர்களே, அதற்காக. நேரே உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். நான் இன்னும் கேட்கவில்லை. முதலில் நீங்கள் கேளுங்கள்.

புதுச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், போன வருஷத்துச் சட்டையையே துவைத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
அஸ்வினி


பெங்களூரு
30.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? தீபாவளி போய், கார்த்திகையும் பாதி போய்விட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவிடம் கேட்டால் "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். பின்னாலிருந்து "சாப்ட்டாளான்னு கேளு" கூட வரவில்லை.

பென்டிரைவ் அனுப்பியது தப்பா? அவசரப்பட்டுவிட்டேனா? அப்படியானால் திருப்பி அனுப்பிவிடுங்கள், கோபம் இல்லை. எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். பேச்சு போனபோது எழுத்தாவது இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். இதுவும் போனால் எனக்கு ஒன்றும் இல்லை அப்பா.

தை பிறக்க அதிக நாள் இல்லை. ராம்கி எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அஸ்வினி


கோச்சடை
16.12.2024

என் தங்கம் அஸ்வினிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். நீ தலைக்கு எண்ணெய் வை. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் சிரிக்காதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் இது அவர் வீட்டில் இருக்கும்போது பேசுகிற விஷயம் இல்லை.

நீ அனுப்பியதை அவர் அன்றைக்கே சொருகிவிட்டார். அந்தப் பிள்ளை 'தும் தும்' என்று வாசிக்க, இவர் மேலே வாசிக்க, வீடு நிறைந்து இருந்தது. இவருடைய இடது கை கீழே போகவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். வாத்தியம் முடிந்து கொஞ்சம் சும்மா ஓடியது. அப்புறம் அந்தப் பிள்ளை குரல். "நல்லா இருந்திருக்கும் மாமா, இங்கருந்தே தெரியுது" என்று.

உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். 'ஐயா' என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை 'மாமா' என்று சொல்லிவிட்டது. உன் அப்பா ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். கோபம் வரும் என்று பயந்தேன். எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் வாசிக்கிறார், முடிந்ததும் அந்தக் குரல் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். பாட்டை விட அதற்காகத்தான் போடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. உனக்கு எழுத உட்காருவார், தாளைக் கிழிப்பார். "மாமான்னு கூப்ட்டுட்டான் ரெங்கம்மா, பதில் சொல்லணும்ல. சத்தியத்த வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்?" என்றார். நீ கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான்தான் சொன்னேன், சத்தியத்தை வாங்கின சாமியிடமே கேட்போம் என்று. போன வெள்ளிக்கிழமை திருவாதவூர்ப் பக்கம் நம் அய்யனார் கோவிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் போட்டோம். வெள்ளைப்பூ வந்தால் சத்தியத்தை இறக்கிவிடலாம், சிவப்பு வந்தால் அப்படியே இருக்க வேண்டியதுதான். பூசாரி சிவனாண்டி இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளரளி. உன் அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று கேட்காதே.

இனி நான் சொல்வதை யாரிடமும் சொல்லாதே. பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் வெள்ளரளியைத்தான் வைத்தேன். சாமியை ஏமாற்றிவிட்டேன். அய்யனார் என்ன செய்தாலும் எனக்குச் செய்யட்டும், என் பிள்ளைக்கு வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டேதான் கட்டினேன். உன் அப்பாவுக்குத் தெரிந்தால் மறுபடி சூடத்தைக் கொளுத்துவார். வாயைத் திறந்துவிடாதே தங்கம்.

இந்தக் கடிதத்தை ஒட்டி அவரிடம்தான் தபாலில் போடக் கொடுக்கிறேன். அவரும் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
ரெங்கம்மாள்


கோச்சடை
16.12.2024

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அப்பா. நான் சுகம். இத்தனை நாள் எழுதாமல் உன்னைத் தவிக்க விட்டுவிட்டேன். கோபம் இல்லையம்மா. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அய்யனார் கோவிலுக்குப் போனதை உன் அம்மா எழுதியிருப்பாள். ஒட்டிய உறையைப் பிரித்துப் படிக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அவள் என்ன எழுதியிருப்பாள் என்று தெரியும். மூன்று நாளாக என் முகத்தையும் சாமி படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளைப்பூ வந்ததும் பூசாரி இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டப் போனார். அதுதான் வழக்கம். உன் அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. நான் எழுந்து, "வேணாம் பூசாரி, ஒண்ணு போதும். சாமி சொல்லிருச்சுல்ல" என்று அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலிருந்து கண்மாயில் போட்டுவிட்டேன். பிரிக்கவில்லை.

ஏன் பிரிக்கவில்லை என்றால், அன்று காலையில் பூ மார்க்கெட்டுக்கு உன் அம்மாவோடு நானும்தான் போனேன். கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றவன் நான். செவ்வரளி விற்கிற பக்கமே அவள் போகவில்லை. வீட்டுக்கு வரும் வரைக்கும் ஏதாவது சொல்லுவாளா என்று பார்த்தேன், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அய்யனாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. அவரும் கண்டுகொள்ளவில்லை. மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்ததாக இருக்கட்டும். உன் அம்மாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடாதே. பாவம், துணிச்சலாக ஒன்று செய்திருக்கிறாள், அவளுடையதாகவே இருக்கட்டும்.

மனசு லேசாக இருக்கிறது அஸ்வினி. சித்திரையிலிருந்து நெஞ்சில் ஒரு மோட்டாரைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவன் யார், என்ன செய்கிறான் என்று தெரியாமல் திட்டிவிட்டோமே, என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்றுதான் அந்த கீபோர்டை இறக்கினேன். இதை நீ முதலிலேயே கண்டுபிடித்திருப்பாய். தெரிந்தும் கேட்காமல் இருந்தாயே, அதற்கு உன்னை என்ன சொல்வது. என் மகள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போடு. நானாகப் போட மாட்டேன், கூச்சமாக இருக்கிறது. ஆனால் உன் அம்மா எடுக்க விட மாட்டேன். மாப்பிள்ளை வீட்டில் எந்தத் தேதி சொல்கிறார்களோ அது நமக்கும் சரி. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் அந்தப் பெரிய வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அவர் இங்கே வர வேண்டும். தமிழ்வாணியும் வருகிறாள். முத்திருளனை மட்டும் கைதட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவன் ஒன்றிலும் மூன்றிலும்தான் தட்டுவான்.

மாப்பிள்ளையிடம் சொல், முதல் தட்டின் அடிச்சுரத்தில் நான் கை வைக்க மாட்டேன். அது அவருக்கு.

உன் அப்பா,
அழகுபாண்டி